இமை ஏன் இறங்கியது என்பதே முதல் கேள்வி

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 67. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலக்கண்ணில் புரை நீக்கி லென்ஸ் வைத்தார்கள். பார்வை நன்றாகவே தெளிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கண்ணின் மேல் இமை சிறிது சிறிதாக இறங்கி, இப்போது கண்மணியின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பூ கட்டும்போதும் அரிசியில் கல் பொறுக்கும்போதும் ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாராம். புதுச்சேரியில் காட்டியபோது அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னதோடு, இமை அறுவை பற்றி அங்கே நடந்துவரும் ஓர் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு, சில பக்கங்கள் கொண்ட படிவத்தையும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இது அழகுக்காகச் செய்வதா, அவசியமானதா, இந்த வயதில் செய்யலாமா, ஆய்வில் சேர்ந்தால் அம்மாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் கண் மருத்துவனாக வேலை பார்த்த ஆண்டுகளில் பெரும்பகுதியை இமையிலும் கண்ணீர்ப்பையிலும் கத்தி வைத்தே கழித்தவன். இப்போது முத்தியால்பேட்டையில் ஓய்வாக இருக்கிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை என்பதால், என்ன செய்ய வேண்டும் என்று முடிவு சொல்ல மாட்டேன். அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் எதையெல்லாம் பார்ப்பார், ஏன் பார்ப்பார் என்பதைச் சொன்னால் நீங்களே சரியான கேள்விகளைக் கேட்டுக்கொள்ள முடியும்.

மேல் இமையைத் தூக்குவதற்கென்றே கண்குழியின் ஆழத்திலிருந்து ஒரு தசை புறப்பட்டு வருகிறது. அது இமையை நெருங்கும்போது சதையாக இல்லாமல் வெள்ளைத்தாள் போன்ற ஒரு நாணாக விரிந்து, இமைக்குள் இருக்கும் கெட்டியான தட்டில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தட்டு மேல் இமையில் சுமார் 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். இதற்குப் பின்னால் முல்லர் தசை என்று ஒரு சின்னத் தசை. அது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது, இமையை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி வைக்கிறது. தூக்கம் வரும்போது கண் சொக்குவதற்கு இது தளர்வதும் ஒரு காரணம். நேராகப் பார்க்கும்போது கண்மணியின் நடுவிலிருந்து மேல் இமையின் விளிம்புவரை 4 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது இயல்பு. உங்கள் அம்மாவின் இமை கண்மணியைத் தொடுகிறது என்றால் இந்த இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த அளவுக்கு இறங்கினால் மேல்புறப் பார்வைப் பரப்பு நிச்சயமாகக் குறையும். இமையை ஒட்டுநாடாவால் தூக்கி ஒட்டி ஒரு முறையும், ஒட்டாமல் ஒரு முறையும் பார்வைப் பரப்புச் சோதனை செய்தால் இழப்பு எவ்வளவு என்பது தாளிலேயே தெரிந்துவிடும். ஆகவே இது அழகுக்கான அறுவை அல்ல. அழகும் கூடவே திரும்பி வந்தால் அதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டாம். 67 வயதுப் பெண்மணி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க விரும்புவதில் என்ன குறை?

இனி, இமை ஏன் இறங்கியது என்ற கேள்விக்கு வருகிறேன். இதை முதலில் கேட்காமல் அறுவைக்கு நாள் குறிப்பவரிடம் போகாதீர்கள் என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் ஒருமுறை நானே அப்படிச் செய்தேன். படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரைக் காலை ஓ.பி.யில் பார்த்தேன். இடது இமை 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. வயதின் தளர்ச்சி என்று எழுதி, அடுத்த வாரமே அறுவை செய்தேன். தையல் பிரித்தபோது இரண்டு இமைகளும் அளவெடுத்தாற்போல் சமமாக இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்து மாலை ஆறு மணிக்கு மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது இரண்டு கண்களும் பாதி மூடியிருந்தன. சோறு விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று மூக்கால் பேசினார். அது மயஸ்தீனியா, அதாவது நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரும் இடத்தில் வரும் கோளாறு. அதற்கு வேண்டியது மாத்திரை, கத்தி அல்ல. பழைய சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'சாயங்காலமானா அதிகமாகுது' என்று அவர் சொன்னதை என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். எழுதினேனே தவிர, காதில் வாங்கவில்லை.

மயஸ்தீனியாவைச் சந்தேகிக்க இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு நிமிடம் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் இமை நழுவி இறங்கும். கையுறைக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு மூடிய இமையின் மேல் 2 நிமிடம் வைத்து எடுத்தால், 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஏறி நிற்கும். குளிர்ச்சியில் நரம்பின் செய்தி தசையில் சற்றுக் கூடுதல் நேரம் தங்குவதே அதற்குக் காரணம். இந்த ஐஸ் சோதனையை வீட்டில் செய்து பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் காலையில் ஒரு புகைப்படம், இரவு படுக்கப்போகும் முன் ஒரு புகைப்படம் என்று கைப்பேசியில் ஒரு வாரம் எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

காத்திருக்கவே கூடாத இறக்கமும் ஒன்று உண்டு. ஒரே நாளில் இமை விழுந்து, கடுமையான தலைவலியோ இரட்டைப் பார்வையோ கூடவே இருந்து, கண்மணி மற்றக் கண்ணைவிடப் பெரிதாக விரிந்திருந்தால், மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பை ரத்தக்குழாய் வீக்கம் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கக் கூடும். அன்றே, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இதே நரம்பு ரத்த ஓட்டக் குறைவால் செயலிழந்து, சில மாதங்களில் தானாகவே மீள்வதுண்டு என்பது உண்மைதான். ஆனால் எது எந்த வகை என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. இன்னொன்றையும் நம் பக்கத்து மக்களுக்குச் சொல்லியாக வேண்டும். பண்ருட்டி முந்திரித் தோப்புகளிலும் கரும்புக் கொல்லைகளை ஒட்டிய குடிசைகளிலும் தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, இமையைத் திறக்க முடியவில்லை என்றால் முதலில் நினைக்க வேண்டியது கட்டுவிரியனை. அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. விஷம் நரம்பைத் தாக்கியதற்குப் பெரும்பாலும் இமை இறங்குவதுதான் முதல் அடையாளம்.

உங்கள் அம்மாவின் கதை இவற்றில் எதைப் போலவும் இல்லை. மூன்று ஆண்டுகளாக மெல்ல இறங்கியது, புரை அறுவைக்குப் பின் தொடங்கியது. வயதானவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது, நான் முன்னே சொன்ன அந்த வெள்ளைத்தாள் நாண் நைந்து, தட்டிலிருந்து விலகிப்போவதனால் வரும் இறக்கம். தசை நன்றாகவே இருக்கும். கயிறு மட்டும் கழன்ற கிணற்று ராட்டினம் போல அது சுற்றிக்கொண்டிருக்கும், வாளி மேலே வராது. புரை அறுவையின்போது இமைகளை விலக்கிப் பிடிக்க வைக்கும் கம்பி, ஏற்கெனவே வயதில் நைந்திருக்கும் நாணை மேலும் தளர்த்திவிடுவதுண்டு. இதை யாருடைய தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன்; உலகெங்கும் நேர்கிறது, அறுவை நன்றாக நடந்த கண்ணிலும் நேர்கிறது. பூ கட்டும்போது விரலால் தூக்கிப் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒரு நல்ல தடயம். நாண் விலகிய இமை, கீழே குனிந்து பார்க்கும்போது இன்னும் இறங்கிவிடும். பிறவியிலேயே தசை நார்த்தன்மை அடைந்து வரும் இறக்கத்தில் இதற்கு நேர்மாறு: கீழே பார்க்கும்போது அந்த இமை இறங்காமல் மேலேயே தங்கிவிடும்.

பரிசோதனையை நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம். மருத்துவர் தன் கட்டை விரலால் அம்மாவின் புருவத்தை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொள்வார். நெற்றித் தசை திருட்டுத்தனமாக உதவி செய்துவிடாமல் இருப்பதற்காக அது; இமை இறங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் புருவத்தை உயர்த்தியே பார்த்துப் பழகியிருப்பார்கள், நெற்றியில் கோடுகள் ஆழமாக விழுந்திருக்கும். பிறகு ஒரு சின்ன அளவுகோலைக் கண்ணின் முன் செங்குத்தாகப் பிடித்து, 'நல்லா கீழ பாருங்கம்மா' என்பார். இமை விளிம்பு அளவுகோலில் பூஜ்யத்தில் நிற்கும். 'இப்ப மேல பாருங்க.' விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்பதுதான் தூக்கும் தசையின் வலு. 12க்கு மேல் என்றால் தசை நலமாக இருக்கிறது. 4 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்தத் தசையை நம்பிப் பயனில்லை. எந்த அறுவை என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த ஓர் எண்தான். அடுத்து, இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற இமையைக் கவனிப்பார். இரண்டு இமைகளுக்கும் மூளையிலிருந்து ஒரே கட்டளைதான் போகிறது. வலது இமையைத் தூக்கக் கூடுதல் கட்டளை போய்க்கொண்டிருக்கும் காரணத்தால் இடது இமையும் அதில் பங்கு பெற்று உயர்ந்து நிற்கும். வலதைச் சரிசெய்ததும் இடது இறங்கிவிடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், 'ஒரு கண்ணைச் சரிபண்ணி இன்னொரு கண்ணைக் கெடுத்துட்டாங்க' என்று வீட்டில் பேச்சு வரும். கடைசியாக, கண்ணை மூடச் சொல்லி இமையை லேசாகப் பிரித்து, விழி மேல்நோக்கி உருளுகிறதா என்று பார்ப்பார். அறுவைக்குப் பின் சில வாரங்கள் தூக்கத்தில் இமை முழுதாக மூடாமல் இருக்கலாம். விழி மேலே உருளும் பழக்கம் இருந்தால் கருவிழி காய்ந்துபோகாமல் தப்பிக்கும். 1823-இல் சார்ல்ஸ் பெல் இதை விவரித்ததால் பெல் நிகழ்வு என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

போகும்போது அம்மாவின் வாக்காளர் அட்டையையும், வீட்டில் ஏதாவது கல்யாண ஆல்பம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாக்காளர் அட்டைப் படத்தில் யாரும் அழகாக இருப்பதில்லை என்றாலும் இமை எங்கே நின்றது என்பது தெரியும். புரை அறுவைக்கு முன்பே இறக்கம் தொடங்கியிருந்ததா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தசை வலு நன்றாக இருந்து நாண் மட்டும் விலகியிருந்தால், இமை மடிப்பின் வழியே தோலைத் திறந்து, நாணைத் தேடிப் பிடித்து, மீண்டும் தட்டோடு சேர்த்துத் தைப்பதுதான் அறுவை. இறக்கத்துக்குக் காரணம் நாண்தான், அதைச் சேர்த்தாலே போதும் என்ற இந்த அணுகுமுறையை ஜோன்ஸும் அவருடைய சகாக்களும் 1975-இல் தெளிவாக எழுதிய பிறகுதான், நல்ல தசையை வீணே வெட்டிச் சுருக்கும் வழக்கம் குறைந்தது. முழு மயக்கம் தேவையில்லை. இமையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போதும். நோயாளி விழித்திருப்பது மருத்துவருக்கு ஒரு வசதி. தற்காலிகமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, மேஜையிலேயே அம்மாவை எழுப்பி உட்கார வைத்து, 'நேரா பாருங்க' என்று சொல்லி, இமை நிற்கும் இடத்தைப் பார்த்து முடிச்சை இறுக்கவோ தளர்த்தவோ செய்வார். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஊசி மருந்தில் கலந்திருக்கும் அட்ரினலின் முல்லர் தசையை இழுத்து இமையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். மரத்துப்போகும் மருந்தோ தூக்கும் தசையைச் சோர்வாக்கி இறக்கிக் காட்டும். வீக்கம் இன்னொரு பக்கம். இந்த மூன்று பொய்களுக்கிடையே உண்மையான உயரத்தை ஊகிக்க வேண்டும். எத்தனை கை தேர்ந்தவர் செய்தாலும் பத்துப் பேரில் ஓரிருவருக்குப் பிறகு திருத்தம் தேவைப்படுவது இதனால்தான். மறு அறுவை என்றதும் முதல் அறுவை தோற்றுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

வயது ஒரு தடை அல்ல. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்; ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசித் தீர்மானிக்க வேண்டியது அது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று வீக்கமும் கன்றலும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் முன்னே பிதுங்கி, வலி தாங்க முடியாமல், பார்வை மங்கத் தொடங்கினால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது. மிக அரிது, ஆனால் சில மணி நேரத்தில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது. காலை முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்று காத்திராமல் இரவே வண்டி பிடித்துப் புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். மற்றபடி, முதல் சில வாரம் இரவில் களிம்பு, முகத்துக்கு நேராக மின்விசிறி வேண்டாம், ஐந்து முதல் ஏழு நாளில் தையல் பிரிப்பு, இறுதி உயரம் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம்.

கத்தியே இல்லாமல் சொட்டு மருந்து உண்டாமே என்று சிலர் கேட்பார்கள். ஆக்ஸிமெட்டாசோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்துக்கு 2020 ஜூலையில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முல்லர் தசையைத் தூண்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கும். அன்றன்றைக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விலகிய நாணை ஒட்டவைக்காது. இதே மருந்து மூக்கடைப்புச் சொட்டிலும் இருக்கிறது என்று யாராவது சொல்லக் கேட்டு, அதை எடுத்துக் கண்ணில் விட்டுவிட வேண்டாம்.

பிறவி இறக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வரி: குழந்தையின் கண்மணியை இமை மறைத்தால் மூளை அந்தக் கண்ணைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும், பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அங்கே செல்லாது. இமையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கண்கட்டி வந்து, அந்த இடத்தில் இமைமுடியும் உதிர்ந்தால் வெறும் கட்டி என்று கீறி விடாமல் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இமையின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் மேலை நாடுகளில் அரிது. நம் நாட்டு மருத்துவமனைகளில் பார்க்கப்படும் இமைப் புற்றுகளிலோ ஏறக்குறைய பாதி அதுதான்.

ஆய்வுக்கு வருவோம். இமையின் நோய்களுக்கு அறுவை செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை இமையில் மட்டும் 21 நோய்களை எண்ணுகிறது. முடி உள்நோக்கி வளைந்து விழியைக் குத்தும் நோய்க்கு, இமைத் தோலில் யவதானிய (வாற்கோதுமை) வடிவில் ஒரு துண்டை நீக்கி, மயிரால் தைத்து, தேனும் நெய்யும் இடச் சொல்கிறது. இன்றைக்கும் அதன் அடிப்படை மாறவில்லை. அப்படியானால் ஆய்வு எதற்கு? இரண்டு முறைகள் இருந்தால் எது நல்லது என்று ஒரு மருத்துவரின் அனுபவத்தால் சொல்ல முடியாது என்பதற்காகத்தான். என்னிடம் நன்றாக ஆனவர்கள் நன்றி சொல்ல வந்தார்கள். ஆகாதவர்கள் வேறு மருத்துவரிடம் போயிருப்பார்கள். அனுபவம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, திரும்பி வந்தவர்களின் கணக்கு மட்டும்தானே?

டிரகோமா என்ற தொற்றால் இமையின் உள்பக்கம் தழும்பேறி முடி குத்தும் நோய் எத்தியோப்பியாவில் இன்னும் உண்டு. (இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அது நீங்கிவிட்டது என்று உலக சுகாதார அமைப்பு 2024 அக்டோபரில் அறிவித்தது.) அதற்கு இரண்டு அறுவை முறைகள் நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்தன: ஒன்று இமையின் முழுக் கனத்தையும் அறுத்துத் திருப்புவது, மற்றொன்று உள்பக்கத் தட்டை மட்டும் அறுத்துத் திருப்புவது. அவரவர் கற்ற முறையே சிறந்தது என்று அவரவர் நம்பினர். 2016-இல் வெளியான ஆய்வில் 1,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து அறுவை செய்து, ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். முழுக் கனத்தையும் அறுத்தவர்களில் 22 சதவீதத்தினருக்கு முடி மீண்டும் குத்தத் தொடங்கியிருந்தது. தட்டை மட்டும் அறுத்தவர்களில் 13 சதவீதத்தினருக்கு. குலுக்கிப் போடாமல், மருத்துவர் தன் விருப்பப்படி ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தால், லேசான நோயுள்ளவர்களெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்து கணக்கே மாறிப்போயிருக்கும்.

நம் ஊருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. அது இமையைப் பற்றியது அல்ல, கருவிழிப் புண்ணைப் பற்றியது. நெல் அறுக்கும்போதோ கரும்பு வெட்டும்போதோ தோகை கண்ணில் கிழித்துப் பூஞ்சை ஏறிய கண்கள் இங்கே நாள் தவறாமல் வரும். நட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்து ஒன்று, வோரிகோனசோல் என்ற புதிய மருந்து ஒன்று. புதியதுதான் நன்றாக வேலை செய்யும் என்று எங்களில் பலர் நினைத்தோம். ஆய்வகச் சோதனைகளும் அப்படியே காட்டின. அரவிந்த் கண் மருத்துவமனையின் மதுரை, கோவை, புதுச்சேரிக் கிளைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து, எந்தப் புட்டியில் எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாமல், பார்வையை அளப்பவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. வென்றது பழைய மருந்து. புதியதைப் போட்டவர்களில் கருவிழி ஓட்டை விழுந்தவர்கள் அதிகம். இன்றைக்கு உலகின் எந்த மூலையிலும் பூஞ்சைப் புண்ணுக்கு நட்டாமைசின் முதலில் எழுதப்படுகிறது என்றால், அதற்கு, அந்தப் புதுச்சேரிக் கிளை இருக்கும் தவளக்குப்பத்தில் பஸ் இறங்கி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுப் படுத்த விவசாயக் கூலிகளும் காரணம். அவர்களை எலிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனாலும் உங்கள் அச்சம் நியாயமானது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். படிவத்தை வாங்கிக்கொண்டு உடனே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதில் சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2007-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேடு அது. இணையத்தில் யாரும் அந்த எண்ணை இட்டு, யார் நடத்துகிறார்கள், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று படிக்கலாம். அடுத்தது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். அந்தக் குழுவில் மருத்துவர்கள் மட்டும் இருந்தால் போதாது, சட்டம் தெரிந்தவரும் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும் இருந்தாக வேண்டும்.

பிறகு மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆய்வில் சேராவிட்டால் அம்மாவுக்கு எந்த அறுவை செய்வீர்கள், சேர்ந்தால் அதிலிருந்து எது மாறும்? சாதாரணமாக இமை ஆய்வுகளில் ஒப்பிடப்படுவது ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கும் இரண்டு தையல் முறைகளையோ இரண்டு வகை நூலையோதான். அப்படியானால் ஆபத்து, சாதாரண அறுவையின் ஆபத்தேதான். இதுவரை மனிதர்களிடம் பயன்படுத்தாத பொருள் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். எத்தனை தடவை வர வேண்டும், அதற்குப் பஸ் செலவு தருவார்களா, ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சை யார் செலவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி அந்தச் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. நடுவில் விலகினால் மருத்துவம் நின்றுவிடுமா என்றும் கேளுங்கள். நிற்கக்கூடாது, நிற்கும் என்று யாராவது குறிப்பாகச் சொன்னாலே போதும், நீங்கள் எழுந்து வந்துவிடலாம். எல்லோரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. இமை ஆய்வு என்றால் புகைப்படம் நிச்சயம். நெற்றி முதல் கன்னம்வரை மட்டும் எடுத்தாலும் ஊரில் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். அந்தப் படங்கள் யாரிடம் இருக்கும், கருத்தரங்கிலும் பத்திரிகையிலும் காட்டுவார்களா, அதற்குத் தனி ஒப்புதல் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றும், நீங்களே கையெழுத்திட்டால் போதுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். போதாது. கண் அவருடையது, சம்மதமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். படிவத்தை அவருக்குப் புரியும் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும்; ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கூட இருக்க, அவர் கைநாட்டு வைக்கலாம். வாசித்து முடித்த பிறகு, 'என்ன புரிஞ்சுதும்மா, சொல்லுங்க' என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேட்கும் மருத்துவராக இருந்தால் நல்லது. கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கைநாட்டு வைத்த படிவத்தின் ஒரு படி கையோடு உங்களிடம் வர வேண்டும். அம்மாவின் மாத்திரைச் சீட்டுகளும் புரை அறுவையின்போது கொடுத்த லென்ஸ் அட்டையும் இருக்கும் பையிலேயே அதையும் போட்டு வையுங்கள்.